கிரோகாவின் கதைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உருகுவே எழுத்தாளர் ஹொராசியோ கிரோகாவின் சிறுகதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் ஒரே இரவில் படித்து முடித்தேன். முதல் இரண்டு கதைகள் உலுக்கிவிட்டன. அதன்பின் ‘இதில் யார் சாகப்போகிறார்’ என்று ஊகித்தபடியே பக்கங்களைப் புரட்டினேன். பயம் போய்விட்டது. குறை என் வாசிப்பிலா, கதைகளிலா?

ம.

அன்புள்ள ம.,

வாசிப்பின் வேகத்தில்தான். இக்கதைகளில் பல ‘காரஸ் இ காரேதாஸ்’ போன்ற புவெனஸ் ஐரிஸ் வார இதழ்களுக்காக எழுதப்பட்டவை. படத்தையும் சேர்த்து ஒரே பக்கம், 1256 சொற்கள் என்று அவ்விதழின் பொறுப்பாசிரியர் லூயிஸ் பார்தோ கறாராக இருந்ததை கிரோகாவே எழுதியிருக்கிறார். அவ்வளவு இறுக்கிய கதைகளை அடுத்தடுத்து விழுங்கினால் சாவு மட்டுமே நினைவில் தங்கும். நாளுக்கு ஒன்று போதும். முடித்த கையோடு அதே கதையை முதல் வரியிலிருந்து மறுபடி படியுங்கள்.

1907-ல் வந்த ‘இறகுத் தலையணை’யைப் பாருங்கள். புதுமணப்பெண் அலிசியா காரணம் தெரியாத ரத்தசோகையில் தேய்கிறாள். முதல் வாசிப்பில் முகம்கொடுத்துப் பேசாத கணவனையும் சில்லிட்ட வெள்ளை வீட்டையும் சந்தேகிப்போம். மறுவாசிப்பில் வேறு வரிகள் கண்ணில் படும். பகலில் நோய் முற்றுவதில்லை. விடியும்போதுதான் வெளிறிக் கிடக்கிறாள். படுக்கையைத் தொடவிடுவதில்லை, தலையணையைச் சரிசெய்யக்கூட விடுவதில்லை.

தலையணைக்குள் இருந்து அவள் ரத்தத்தைக் குடித்தது ஒரு ராட்சத உண்ணி என்பது முடிவில்தான் தெரிகிறது. கடைசிப் பத்தியில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். அதுவரை இறந்தகாலத்தில் நடந்த கதை, அங்கே நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறது. பறவைகளின் உண்ணிகள் சில சூழல்களில் மிகப் பெரிதாக வளர்கின்றன, இறகுத் தலையணைகளில் அவை அகப்படுவது அரிதல்ல என்று உயிரியல் பாடம்போல முடிகிறது. அப்படி வளரும் உண்ணி உலகில் இல்லை. ஆனாலும் அன்றிரவு நாம் தலையணையை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு அந்தக் காலமாற்றம்தான் காரணம்.

பாம்பு கடித்தவன் பரானா ஆற்றில் தோணியில் போகும் கதையிலும் விஷத்தைப் பற்றி விளக்கம் கிடையாது. கரும்புச் சாராயத்தைக் குடித்துவிட்டு, ஏன் தண்ணீரைக் கொடுத்தாய் என்று மனைவியிடம் கத்துகிறான், நாக்கு செத்துவிட்டது. முடிவுக்குச் சற்று முன் வலி குறைகிறது, நெஞ்சு லேசாகிறது. பிழைத்துவிட்டோம் என்று அவன் நம்பும் அந்த வரிகளில் நீங்களும் நம்ப வேண்டும். யார் சாவார் என்ற கணக்கோடு போனால் அந்த நிம்மதி உங்களுக்குக் கிடைக்காது. அது இல்லாமல் கடைசி வரி தைக்காது.

‘கழுத்தறுத்த கோழி’யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு வரும், எதிரே ஐந்து மீட்டர் தள்ளி ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவரை மறக்காமல் மேலே படியுங்கள்.