வெடக்கோழி தோல் முட்டை இடுகிறது, தீவனத்தை மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டுக் கொல்லையில் ஏழு வெடக்கோழிகள் வளர்க்கிறேன். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் இரண்டு கோழிகள் முட்டைக்கு வந்தன. முதல் முட்டை சின்னதாக இருந்தாலும் ஓடு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஓடு பிடிக்காத தோல் முட்டை இரண்டு. ஒன்று தரையிலேயே உடைந்து கிடந்தது. காலையில் மக்காச்சோளமும் மற்ற தானியமும், மாலையில் அடுக்களை மிச்சமும் போடுகிறேன். முட்டைக்கோழிக்கென்று விற்கும் லேயர் தீவனத்துக்கு மாற்றிவிடலாமா? இரண்டு மாதக் குஞ்சுகள் ஆறும் இவற்றோடுதான் மேய்கின்றன.

பதில்: வணக்கம் அம்மா. புதிதாக முட்டைக்கு வரும் கோழி ஒன்றிரண்டு தோல் முட்டை இடுவது வழக்கம்தான். குருவி முட்டை போலச் சின்னது வரும், இரட்டைக் கரு வரும், இரண்டு நாள் இடைவெளி விட்டும் வரும். உடம்பு அந்த வேலைக்குப் பழகச் சில வாரம் ஆகும். ஆனால் நீங்கள் போடும் தீனியைப் படித்த பிறகு, இது தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி எடுக்கும். அது முழுக்க மக்காச்சோளமாக இருந்தால், அதில் உள்ள சுண்ணாம்பு ஓட்டின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து உருவிக் கொடுக்கும். முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே எலும்புக்குள் அதற்கென்று கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உங்கள் கோழியின் முதல் முட்டை நன்றாக வந்து, அடுத்தது தோலாகப் போனதற்கு அந்தச் சேமிப்பு கரைந்ததே காரணமாக இருக்கலாம். இப்படியே விட்டால் ஓட்டோடு நிற்காது. கால் தளர்ந்து, நடக்க மனமில்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடும்.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு பூசுவதற்கே போகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. அப்போது கோழி தீனி எடுக்காது. அதனால் சுண்ணாம்பை மாவாகக் கொடுப்பதைவிடக் கிளிஞ்சலைக் குறுணைப் பருமனில் உடைத்துக் கொடுப்பதே நல்லது. குறுணை, கோழி தீனியை அரைக்கும் அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். தீனியோடு கலக்க வேண்டாம். தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். முட்டையிடும் கோழி சாயங்காலம் அதைத் தேடிவந்து கொத்தும், மற்றது ஓரிரு கொத்தோடு போய்விடும். எவ்வளவு வேண்டும் என்று அதற்கே தெரியும். முட்டை ஓட்டையும் கொடுக்கலாம், ஆனால் வறுத்து, ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள். இல்லையென்றால் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

இப்போது லேயர் தீவனம். முட்டைக்கு வந்த கோழிக்கு அதுதான் சரி. அதில் 16 முதல் 18 சதம் புரதமும் 3.5 முதல் 4 சதம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். அதே தீவனம் உங்கள் குஞ்சுகளுக்கு ஆகாது. வளரும் குஞ்சுக்கு 1 சதம் சுண்ணாம்பே போதும். அதற்கு மேல் வாரக்கணக்கில் போனால் சிறுநீரகம் கெடும், வெளியே எதுவும் தெரியாமல் பிற்பாடு ஒவ்வொன்றாக விழும். ஆகவே பெரிய கோழிக்கும் குஞ்சுக்கும் தனித்தனியாகத் தீனி வைக்க இடமிருந்தால், ஒரு வாரம் கலந்து கலந்து மெல்ல லேயருக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் எல்லாவற்றுக்கும் வளரும் கோழிக்கான குரோயர் தீவனமே போட்டு, கிளிஞ்சல் கிண்ணத்தைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிடுங்கள். உங்கள் நிலைமையில் நான் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன்.

தானியத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்குள், மாலையில் ஒரு பிடி போதும். அதையே வயிறாரப் போட்டால் கோழிக்கு உள்ளே கொழுப்பு கட்டும். கொழுத்த வெடக்கோழிக்கு முட்டை சிக்கிக்கொள்வதும், முட்டையிடும்போது முட்டைக்குழாய் வெளியே தள்ளுவதும் அதிகம். அடுக்களை மிச்சத்தில் உப்பும் பூசணமும் இருக்கக் கூடாது. கீரையும் தழையும் தாராளமாகக் கொடுங்கள்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தீனியைப் போல இரண்டு மடங்கு குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். ஒரு நாள் மதியம் கிண்ணம் காய்ந்து கிடந்தால்கூட அடுத்த சில நாள் முட்டை குறையும்.

மீதி ஐந்தும் எப்போது இடும் என்று கேட்பீர்கள். கொண்டையும் தாடியும் வெளிறியதிலிருந்து நல்ல சிவப்புக்கு மாறும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். இடம் தேடிக் கேறிக்கொண்டு மூலை மூலையாக எட்டிப் பார்க்கும். சந்தேகமானால் எச்சவாயின் கீழே இருக்கும் இரண்டு எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு விரல் நுழையவே இடமில்லை என்றால் இன்னும் நாளாகும், இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டைக்கு வந்துவிட்டது. அதற்குள் ஓரடி சதுரப் பெட்டி இரண்டு, இருட்டான ஒதுக்குப்புறத்தில், வைக்கோல் போட்டு வைத்துவிடுங்கள். உள்ளே ஒரு பொய் முட்டை வையுங்கள். தரையில் இட்டுப் பழகிய கோழியைப் பெட்டிக்குக் கொண்டுவருவது சிரமம்.

பகல் குறுகிய காலமென்றால் விளக்கு போட்டு வெளிச்சத்தை 14 மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம், வாரத்துக்கு அரை மணியாக, விடிகாலைப் பக்கம் கூட்டுங்கள். சின்னக் கோழிகளை அவசரப்படுத்த விளக்கு போடுவது மட்டும் வேண்டாம்.

ஒரு கோழி வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அடிப்பாகம் நனையக் கால் மணி நேரம் பிடித்துவைத்து, துடைத்து, இருட்டான இடத்தில் தனியே விடுங்கள். வயிற்றை அமுக்கி முட்டையை எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்தில் வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிளிஞ்சல் வைத்து இரண்டு வாரமாகியும் தோல் முட்டை நிற்கவில்லை, அல்லது இருமல், மூக்கொழுகல், பச்சைக் கழிச்சல் தெரிகிறது என்றாலும் அவரிடம் காட்ட வேண்டும். அது தீனிக் குறையாக இருக்காது.