ஜாம்பியாவில் சான்று பெற்ற மக்காச்சோள விதையை மலாவியில் ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்?

ரகத்தைப் பொறுத்தவரை இப்போது தேவையில்லை. கோமேசா என்ற கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தைக் கூட்டமைப்பின் 2014 விதிப்படி இரண்டு உறுப்பு நாடுகளில் வெளியான ரகம் பொதுப் பட்டியலில் ஏறிவிட்டால் மற்ற உறுப்பு நாடுகளிலும் விற்கலாம், ஆனால் அந்தந்த நாடு தன் விதைச் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தியிருக்க வேண்டும்.

சரி, விதைச் சான்றின் சிக்கலெல்லாம் வயல் ஆய்வில்தான். வீரிய ஒட்டு மக்காச்சோள விதைப் பண்ணையில் பெண் வரிசையின் (விதை எடுக்கும் செடிகளின்) ஆண் பூங்கொத்தை மகரந்தம் கொட்டும் முன்பே பிடுங்கியாக வேண்டும், பக்கத்து வயலிலிருந்து பயிர் விலகு தூரம் (வேறு மகரந்தம் வந்து கலக்காதபடி விடும் இடைவெளி) சரியாக இருக்க வேண்டும், ஆய்வாளர் பூக்கும் பருவத்தில் உள்ளே நடந்து அந்த ரகத்தைச் சேராத கலவன் செடிகளை எண்ண வேண்டும். ஒரு நாட்டு ஆய்வாளர் இதையெல்லாம் பார்க்க, இன்னொருவர் வரப்பில் நின்றே கையெழுத்துப் போட்டால், பையில் ஒரே மாதிரி அட்டை ஒட்டி என்ன பயன்? முளைப்புத்திறனை ஆய்வகத்தில் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம், மகரந்தக் கலப்பை விதையைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

அப்புறம், பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்று தனி.