கேளுங்க, சொல்றோம்: பகல்ல கொத்தனார், ராத்திரி சட்டமன்றம்

கேள்வி: இப்ப இருக்கற ஒய்பிங்களுக்கு (நம்ம மலேசியாவுல சட்டமன்ற, நாடாளுமன்ற மெம்பருங்க) சம்பளம், அலவன்ஸ்னு எல்லாம் கிடைக்குது. அந்தக் காலத்துல சம்பளமே வாங்காம மக்களுக்கு சேவை செஞ்சாங்களாமே, அது மாதிரி இப்ப ஏன் இல்ல? (ஒரு வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை)

பதில்: அண்ணே, சம்பளம் இல்லாத காலம் நல்ல காலம்னு அவசரப்பட்டு சொல்லிடாதீங்க. சார்லஸ் ஜார்டின் டான்னு ஒருத்தர், 1820ல ஸ்காட்லாந்துல பொறந்தவரு, முதல்ல கைத்தறி நெசவு, அப்புறம் கல் கொத்தற வேலை, 1853ல மெல்பர்னுக்கு கப்பலேறி வந்துட்டாரு. 1859ல காலிங்வுட் தொகுதியில ஜெயிச்சு விக்டோரியா சட்டமன்றத்துக்குள்ள போனாரு (இப்ப அது ஆஸ்திரேலியாவுல ஒரு மாநிலம், அப்ப தனிக் காலனி). ஆனா மெம்பருக்கு ஒரு காசு சம்பளம் கிடையாது, அதனால பகலெல்லாம் உளியும் சுத்தியலும், ராத்திரி போய் சபையில உக்காந்து நிலச் சட்டத்தப் பத்தி பேச்சு. அந்த கல் தூசியோடயேதான் போயிருப்பாரோ என்னவோ.

நம்ம ஊர்ல வெச்சு யோசிச்சுப் பாருங்க. விடிகாலையில ரப்பர் தோட்டத்துல பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கற எடம்) போயி, பால் வெட்டி, ஸ்டோர்ல பால் நிறுத்துட்டு வர்ற மனுஷன், சாயங்காலம் சிலாங்கூர் தலைநகர் ஷா ஆலமுக்கு கெளம்பி சட்டமன்றத்துல பேசிட்டு, மறுபடியும் காலையில கத்தியோட நெரையில நிக்கணும்னா எத்தன நாளைக்கு முடியும்? மழை பேஞ்சாலே அன்னைக்கு காசு போச்சுன்னு நின்ன குடும்பம்ங்க நம்மளுது. அப்ப அந்த சீட்டுக்கு யார் வருவா, மொதலாளியும் வக்கீலும்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா, டான் ஒரு சார்ட்டிஸ்ட், அதாவது சார்ட்டிசம்ங்கற தொழிலாளர் இயக்கத்து ஆளு. 1838ல அந்த இயக்கத்துல பிரிட்டன் தொழிலாளிங்க ஆறு கோரிக்கை வெச்சாங்க, ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டு, ரகசிய ஓட்டு, சொத்து இல்லாதவனும் மெம்பராகலாம், அதுலயே மெம்பருக்கு சம்பளமும் ஒண்ணு. விக்டோரியாவுல 1856ல ரகசிய ஓட்டு வந்துச்சு, 1857ல சட்டமன்றத் தேர்தல்ல ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டு வந்துச்சு, நிக்கறவனுக்கு சொத்து வேணுங்கறதும் போச்சு. அதனாலதான் டான் உள்ள போக முடிஞ்சுது. சம்பளம் மட்டும் 1870லதான் வந்துச்சு. டான் 1864 வரைக்கும் மெம்பரா இருந்து, 1866ல 46 வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாரு.

அவரோட கூட்டாளிங்க கொத்தனாருங்க லேசுப்பட்டவங்க இல்ல. 1856 ஏப்ரல் 21ல மெல்பர்ன் யுனிவர்சிட்டி கட்டுமானத்துல கருவிய கீழ வெச்சுட்டு பார்லிமென்ட் கட்டடம் வரைக்கும் ஊர்வலமா நடந்து, கூலி குறையாம எட்டு மணி நேர வேலை வாங்கிட்டாங்க. உள்ள ஒரு ஆள அனுப்பற துணிச்சல் அவங்களுக்கு எங்கேந்து வந்துச்சுன்னு நான் சொல்லணுமா.

கேள்வி: அப்ப லண்டன் பார்லிமென்ட்ல? (அதே வாசகர்)

பதில்: அங்க இன்னும் லேட்டு. 1874லதான் தாமஸ் பர்ட், அலெக்சாண்டர் மக்டோனல்டுன்னு ரெண்டு சுரங்கத் தொழிலாளிங்க ஜெயிச்சாங்க, பர்ட்டுக்கு அவரோட யூனியன் ஆளுங்களே காசு போட்டு சம்பளம் குடுத்தாங்க. அரசாங்க சம்பளம் 1911லதான். இப்ப உங்க ஒய்பி சம்பளம் வாங்கறாருன்னு கோவிச்சுக்காதீங்க, வாங்கிட்டு தொகுதிப் பக்கம் வராம இருக்காருன்னா அதுக்கு கோவப்படுங்க, நானும் கூட வரேன்.