வீடற்றோர் காப்பகத்துக்கு உதவ நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கே: எங்கள் கோயில் குழு மாநகராட்சிக் காப்பகத்தில் 60 பேருக்கு மதியச் சாப்பாடு போடலாம் என்றிருக்கிறது. எப்படித் தொடங்குவது?

ப: அடுப்பு மூட்டுவதற்கு முன் பொறுப்பாளருக்குப் போன் போடுங்கள். சென்னையில் இவற்றைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. பெரும்பாலும் அங்கேயே உலை வைத்திருப்பார்கள். சொல்லாமல் போனால் ஒருவர் சமைத்தது குப்பைக்குத்தான்.

சாம்பார் சாதம் என்றால் 6 கிலோ அரிசி, 2 கிலோ துவரம்பருப்பு. பல் இல்லாதவர்கள் இருப்பார்கள், குழைய வேகட்டும். காரம் பாதி போதும். சர்க்கரைக்காரர்களும் உண்டு, கேசரிக்குப் பதில் காயைக் கூட்டுங்கள். பொட்டலம் மட்டும் வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்வரை பயமில்லை. வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகும். சோற்றில் அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பொட்டலத்தை ராத்திரிக்கு என்று தலைமாட்டில் வைப்பார்கள்; விடிந்தால் வாந்தி. பதினொன்றரைக்கு இறக்கி, அண்டாவோடு கொண்டுபோய், அங்கேயே பரிமாறுங்கள்.

கே: பழைய துணி வாங்குவார்களா?

ப: துவைத்த லுங்கி, நைட்டி, சட்டை வாங்குவார்கள். உள்ளாடை புதிது மட்டும். போன் செய்துவிட்டு.

கே: குளிருக்குக் கம்பளி?

ப: துவைக்கவும் காயவும் நாளாகும். பருத்திப் போர்வை ஆளுக்கு இரண்டு. அதைவிட அவசரம் சிரங்கு மருந்து. ஒருவருக்கு வந்தால், மருத்துவரைக் கேட்டு, அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் 5% பெர்மெத்ரின் க்ரீம், கழுத்திலிருந்து பாதம்வரை. காலையில் குளியல், துணியெல்லாம் வெந்நீரில். துவைக்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஒருவரை விட்டாலும் திரும்ப வரும். க்ரீம் செலவை ஏற்க யாரும் முன்வருவதில்லை; போர்வை மட்டும் குவிகிறது.

கே: சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஜெபம் செய்யலாமா?

ப: சாப்பிட்ட பிறகு, தனி அறையில், விரும்பி வருபவர்களோடு. இலைக்கு முன்னால் கூடாது.

கே: எங்கள் காசு, எங்கள் நம்பிக்கை. சீக்கியர்களின் குருத்வாராவில் மட்டும் தலையை மூடிக்கொண்டுதானே உட்கார்கிறார்கள்?

ப: அங்கே நீங்கள் விருந்தாளி. காப்பகத்தில் அவர்கள் வீட்டுக்காரர்கள், நீங்கள்தான் விருந்தாளி. அங்கே போடும் பொதுச் சாப்பாடான லங்கரில் எந்த மதம் என்று கேட்பதில்லை, கும்பிட்டால்தான் சோறு என்பதும் இல்லை.

கே: வடலூர் தருமசாலையும் சமயம்தானே ஐயா?

ப: ஆமாம். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல்தான் போடுகிறார்கள். உங்கள் வாதத்துக்கு அது உதவாது.

கே: பசித்தவனிடம் கடவுளைப் பற்றிப் பேசுவது தப்பா?

ப: பசி தீர்ந்த பிறகு பேசுங்கள், எழுந்து போகவும் விடுங்கள். இதோடு இந்தப் பேச்சு போதும்.

கே: தெருவோரம் ஒரு பாட்டி படுத்திருக்கிறார், என்ன செய்ய?

ப: மயக்கம் என்றால் 108. இல்லையென்றால் சென்னை மாநகராட்சி 1913, முதியோருக்கு 14567. வர மறுத்தால் இழுக்காதீர்கள்.

கே: பழைய துணி...

ப: மேலே இருக்கிறது. போன் செய்துவிட்டு.