கண்மாய்க்கரை உடைப்புக்கு யார் பொறுப்பு?

ஐயா, வணக்கம். தேவகோட்டைப் பக்கம் தங்கள் ஊர்க் கண்மாய் ஐப்பசி மழையில் உடைந்து, நெல்வயலும் வீட்டுச் சுவரும் போனதற்கு 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி இழப்பீடு கோரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வழி உதவாது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்குமே அச்சட்டம் பொருந்தும். நம் செட்டிநாட்டுக் கண்மாய்க்கரைகள் அவ்வளவு உயரமில்லை. பொருந்தும் அணைகளுக்குங்கூட ஆய்வையும் பராமரிப்பையும் கடமையாக்குகிறதே தவிர, பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டுக்கு அதில் வழியில்லை. என் கணிப்பில் அதன் பெருங்குறை இதுவே.

தங்களுக்குப் பயன்படுவது ஒரு பழைய தீர்ப்பு. கார்வேட்டிநகர ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமான வழக்கில், ஏரிகளை அவர் தம் விருப்பத்துக்காக அல்லாமல் பொதுநலன் கருதிய கடமையாகவே பேணினார் என்பதால், அலட்சியம் நிரூபிக்கப்பட்டாலன்றி அவர் பொறுப்பாளியல்லர் என்று 1874இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. எனவே கரை உடைந்தது என்று மட்டும் சொன்னால் போதாது; மிகைநீர் வெளியேறும் கலுங்கு கருவேல முள்ளும் மண்ணுமாய் அடைத்துக் கிடந்ததையும், அதை மழைக்கு முன்பே எழுதிக் கொடுத்தும் எவரும் பார்க்காததையும் காட்டும் மனு நகல், ஒப்புகைச் சீட்டு, புகைப்படம் ஆகியவை வேண்டும்.

ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் பொதுவாக நீர்வளத் துறையிடமும், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். பராமரிப்புச் செலவுக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அரசைப் பிரதிவாதியாக்கினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. பயிர் நிவாரணம் வேறு. அதற்கு, சாகுபடி விவரம் பதிந்த அடங்கல் நகலுடன் கிராம நிர்வாக அலுவலரை இப்போதே பாருங்கள்.