கேக்டஸ் லீக்: டிக்கெட்டும் உட்காரும் இடமும்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள 10 மைதானங்களில், 15 பேஸ்பால் அணிகள் சீசனுக்கு முன் ஆடும் பயிற்சி ஆட்டங்களே கேக்டஸ் லீக். ஆண்டுதோறும் சென்று பார்ப்பவன் என்ற முறையில், நண்பர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: அண்ணா, டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டுமா?

எந்த அணி, எந்தக் கிழமை என்பதைப் பொறுத்தது. மேசா நகரிலுள்ள ஸ்லோன் பார்க் மைதானத்தில் 15,000 பேர் அமரலாம். ஆயினும் சிகாகோ கப்ஸ் அணி அங்கே சனி, ஞாயிறுகளில் ஆடும்போது இடம் கிடைப்பது அரிது என்பதால், விற்பனை தொடங்கியதும் வாங்கிவிடுங்கள். ஸ்காட்ஸ்டேல் நகரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி ஆடும் ஆட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். சர்ப்ரைஸ், குட்இயர் போன்ற மேற்குப் புறநகர்களில் வார நாள் ஆட்டமென்றால், பெரும்பாலும் அன்று காலையில்கூட நல்ல இருக்கை கிடைத்துவிடும். மார்ச் நடுவில் விடுமுறைக் கூட்டம் சேருவதால், மாதத்தின் முதல் வாரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: இரண்டு சிறு பிள்ளைகளுடன் வருகிறோம். எங்கே உட்காரலாம்?

அவுட்ஃபீல்டு எனப்படும் ஆடுகள வெளிப்பகுதியின் வேலிக்குப் பின்னாலுள்ள சரிவான புல்மேட்டில் உட்காருங்கள். டிக்கெட்டில் அது ‘லான்’ என்று இருக்கும், விலையும் குறைவு. இருக்கை எண் கிடையாது என்பதால், வாயில் திறந்தவுடன் சென்று, பந்து வீசும் பிட்சர்கள் ஆடப்போகுமுன் வீசிப் பழகும் இடமான புல்பென்னை ஒட்டிய பக்கமாகப் போர்வையை விரித்துவிடுங்கள். வீசிய பந்து, அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறைக்குள் ‘பட்’டென்று விழும் ஓசையைச் சில அடி தூரத்தில் கேட்ட பிள்ளைகள், அதன் வேகத்தை ஒருபோதும் மறக்கமாட்டார்கள். சீசன் ஆட்டங்கள் நடக்கும் பெரிய மைதானங்களில் இந்த நெருக்கத்திற்கு எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்! ஆனால் மேட்டில் நிழலே இல்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது. வெயில் தாங்கமாட்டார்.

பகல் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரு மணியளவில் தொடங்குகின்றன. மட்டையடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்புறம், கூரைக்கு அடியில் உள்ள மேல் வரிசைகளை எடுங்கள். முன்வரிசை ஆசையை அவருக்காக விட்டுவிடலாம். இரவு ஆட்டம் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பாலைவனக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

கேள்வி: நட்சத்திர வீரர்கள் கடைசிவரை ஆடுவார்களா?

மாட்டார்கள். தொடக்க நாட்களில், ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் இரண்டு, மூன்றிலேயே வெளியேறிவிடுவார்கள். சீசன் நெருங்கும்போதுதான் நீண்ட நேரம் ஆடுவார்கள். வெளியூர் ஆட்டத்திற்கு மூத்த வீரர்கள் பலர் பயணம் செய்வதில்லை என்பதால், உங்களுக்குப் பிடித்த அணியை அதன் சொந்த மைதானத்திலேயே பாருங்கள்.

கேள்வி: கையெழுத்து வாங்க எங்கே நிற்க வேண்டும்?

ஆட்டத்திற்கு முன், ஆடுகளத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டை ஒட்டிய கம்பித் தடுப்பருகே நில்லுங்கள். பிப்ரவரி நடுவிலேயே வர முடிந்தால், பல அணிகளின் காலைப் பயிற்சியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி பயிற்சி செய்யும் கேமல்பேக் ரான்ச் மைதானத்தில், பயிற்சித் திடல்களுக்கு இடையே வீரர்கள் நடந்து செல்லும் பாதையோரமே சிறந்த இடம். பேனாவை மூடி கழற்றித் தயாராக வைத்திருங்கள். அவர்கள் நிற்பது சில விநாடிகளே.