கடலோரக் காரும் பின்சக்கர டிரம்மும்: கேள்வி பதில்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் 22 வருடமாக கார் பட்டறை வேலை செய்கிறேன். பின்சக்கர பிரேக் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இங்கே.

வீடு கடலூர் ஓ.டி. துறைமுகம் பக்கம். மழையில் மூன்று வாரம் ஹேண்ட் பிரேக் போட்டு நின்ற கார் இப்போது நகரவே மறுக்கிறதே அண்ணே?

பிரேக் பிடிக்கும்போது உராயும் பட்டைதான் லைனர், சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்தான் டிரம். லைனர் துருவோடு சேர்ந்து டிரம்மில் ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, முதல் கியரும் ரிவர்ஸும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்துப் பாருங்கள். 'டப்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். விடவில்லை என்றால் ஆக்ஸிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், லைனர் தகட்டிலிருந்து பிய்ந்துவிடும். டிரம்மைக் கழற்றுவதுதான் வழி. இனி பல நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் வேண்டாம். சமதளத்தில் கியரில் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டேன், டிரம் வரவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா? (வில்லியனூர்)

விளிம்பில் அடிக்கவே அடிக்காதீர்கள். டிரம் வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுவிடும். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டை, பெரும்பாலும் 8 எம்.எம்., இரண்டிலும் மாட்டி அரைச் சுற்று இங்கே, அரைச் சுற்று அங்கே என்று முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும்.

அப்படியும் வரவில்லையா? நம் ஊரில் அதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புக் காற்று. லைனர் உராயும் இடம் பள்ளமாகி, உராயாத ஓரம் துருப்பிடித்து வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். லைனர் ஒட்டியிருக்கும் வளைந்த தகடு, அதாவது ஷூ, அந்த வரப்பில் மாட்டிக்கொள்கிறது. ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைக்கும் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி ஷூவைச் சுருக்கினால் விடும். போன மாதம் வீராம்பட்டினத்து வண்டி ஒன்றில் அந்த வரப்பை விரலால் தடவினேன், துரு அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது.

டிரம்முக்குள்ளேயே பேரிங் இருக்கும் மாடல்களில் நடு மூடியைத் திறந்து பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். நட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

உள்ளே ஸ்பிரிங் கூட்டத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. (திருப்பாதிரிப்புலியூர்)

பயம் வேண்டாம் தம்பி. ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் பார்த்து மாட்ட மாதிரியாக இருக்கட்டும். பிரிப்பதற்கு முன் போனில் நாலு படம் எடுங்கள். இடது அட்ஜஸ்டரும் வலது அட்ஜஸ்டரும் பெரும்பாலும் எதிரெதிர் மரை, மாற்றிப் போட்டால் இறுகுவதற்குப் பதில் தளரும். டிரம் இல்லாதபோது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். கருந்தூளை வாயாலோ ஏர் வைத்தோ ஊதாதீர்கள். பழைய லைனர் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள்.

ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் கார் நின்றது. லைனர் தடிமனாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது. (முத்தியால்பேட்டை)

2024 நவம்பர் 30-க்குப் பிறகு எத்தனையோ டிரம்மைக் கழற்றிச் சேறு வழித்திருக்கிறேன் அம்மா. முதலில் வீல் சிலிண்டர் ரப்பர் மூடியை ஓரமாக நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிகிறது, சிலிண்டரை மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி எமரி தாளால் தேய்த்துக் கொடுப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடானதும் எண்ணெய் திரும்பவும் வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதையும் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்துவிடுங்கள்.

டிரம்மை லேத்தில் கடையலாமா?

கடையலாம். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும், அதைத் தாண்டினால் புதிதுதான்.

மாட்டி முடித்ததும் ஓட்டலாமா?

வண்டியை எடுக்குமுன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். சக்கரம் கையால் சுற்றும்போது லேசாக உரசினால் போதும். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மெதுவாக நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள், ஈ.சி.ஆருக்கு அதன்பிறகு போகலாம்.